நூற்று நாற்பத்து மூன்று துணிகளும் ஒரு பலகையும்

துள்ளிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது: முன்பின் தெரியாத யாராவது ஒருவர் தன்னை நிற்கவைத்துச் சத்தம் போட வேண்டும்.

கேலிச் சத்தம் இல்லை. அது அவளுக்குத் தெருமுனையில் தேவைக்கு மேலேயே கிடைத்துக்கொண்டிருந்தது. "என்னம்மா இது, போன வாரம் கொடுத்த சட்டையில ரெண்டாவது பட்டனைக் காணோம்? கடை நடத்துறீங்களா, என்ன பண்றீங்க?" என்று, எல்லாக் கடையிலும் எல்லாரும் எல்லாரையும் திட்டுகிற மாதிரி, சலித்துக்கொண்டு, முகத்தைப் பார்த்து, சர்வசாதாரணமாகத் திட்ட வேண்டும்.

"அன்னிக்குத்தான் கவிஞரே, உலகம் திருந்திடுச்சுன்னு அர்த்தம்" என்பாள்.

கவிஞர் என்றது என்னை. நான் ஒரு வரி எழுதியதில்லை. பில் புத்தகத்துக்கு அடியில் ஒரு மெல்லிய கவிதைப் புத்தகம் வைத்திருந்தேன், அது ஒன்றுதான் குற்றம். அந்தச் சலவைக் கடையில் கவுண்டரில் உட்காருவது என் வேலை. துணி வாங்க வேண்டும், எண் சீட்டுக் குத்த வேண்டும், வெளுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். யாருடைய கண்ணையாவது பார்த்தால் எனக்குக் காது சூடாகிவிடும். அதனால் மூன்று வருடமாக வாடிக்கையாளர்களின் சட்டைக் காலரைப் பார்த்தே காலத்தை ஓட்டினேன். கவுண்டர் கொஞ்சம் உயரம். குள்ளமானவர்கள் ஏறி நின்று பேசுவதற்காக வெளிப்பக்கம் ஒரு மரப்பலகை கிடக்கும். சிலர் ஏறுவார்கள், சிலர் மாட்டார்கள். எப்படியும் என் பார்வைக்கு ஒரு காலர் வந்து சேர்ந்துவிடும்.

எனக்குப் பின்னால் பச்சைத் திரை. திரைக்குப் பின்னால் இரண்டு பெரிய மெஷின், ஒரு பாய்லர், இஸ்திரி மேசை, கூரையின் கீழ் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறுகள், பக்கத்து வீட்டுச் சுவரை மட்டுமே காட்டும் ஒரு ஜன்னல். அதுதான் துள்ளியின் ராஜ்யம். பின்சந்து வழியாக வருவாள், பின்சந்து வழியாகப் போவாள். அவள் தனக்கென்று தேர்ந்தெடுத்துக்கொண்ட பெயர் அழகானது, நீளமானது. கடையில் அதைச் சொல்லி முடிக்க யாருக்கும் பொறுமை இல்லை. தோளில் ஈரப் போர்வையோடு பாய்லருக்கும் மேசைக்கும் நடுவே அவள் நடந்து யாரும் பார்த்ததில்லை, துள்ளித்தான் போவாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

துள்ளி திருநங்கை. இருபத்திரண்டு வயது. கடை முதலாளியம்மா அவளுக்குச் சொந்த அத்தை, அப்பாவின் அக்கா. மகன் பிறந்திருக்கிறான் என்று பத்தொன்பது வருடம் நம்பிக்கொண்டிருந்த அப்பாவிடம் ஒருநாள் உண்மையைச் சொல்லிவிட்டு, அன்று மாலையே ஒற்றைப் பையோடு அத்தை வீட்டு வாசலில் வந்து நின்றாளாம். அத்தை பையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "செருப்பை ஓரமா விடு. சாப்பிட்டியா?" என்றார். அவ்வளவுதான் விசாரணை.

ஆனால் அத்தையின் நாக்கு வழிக்கு வர நாளாயிற்று. "டேய்" என்று தொடங்கி, உதட்டைக் கடித்து, பெயரைச் சொல்லப் போய், அதுவும் பழைய பெயராக வந்து, கடைசியில் "இந்தா, உன்னைத்தான்" என்பதில் முடியும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் ஒருநாள் உள்ளே அத்தை கத்தினார்: "ஏன்டீ, பாய்லரை அணைச்சியா இல்லையா? கடையைக் கொளுத்தப் பாக்குறியா?" பதிலே வரவில்லை. பயந்துபோய்த் திரையை விலக்கிப் பார்த்தால், துள்ளி மெஷினைச் சுற்றி ஆடிக்கொண்டிருக்கிறாள். "டீ போட்டுட்டாங்க கவிஞரே! யோசிக்காம போட்டுட்டாங்க!" பாய்லர் அணைக்கப்படவே இல்லை.

அத்தையின் பாசம் அந்தப் பச்சைத் திரை வரைக்கும் வரும். திரையைத் தாண்டாது.

"நான் ஒரு நாள் கவுண்டர்ல உக்காரட்டுமா அத்தை?"

"உள்ளயே இருடி. யாராவது உன்னை ஒரு வார்த்தை சொல்லிட்டா என்னால தாங்க முடியாது."

"நான் தாங்கிப்பேன்."

"உன்னைப் பத்தி யாரு பேசினா? நான் தாங்க மாட்டேன்னு சொல்றேன்."

துள்ளி சுவரைக் காட்டும் ஜன்னலைப் பார்த்து இஸ்திரிப் பெட்டியை ஒரு நிமிடம் சும்மா தூக்கிப் பிடித்திருப்பாள். பிறகு மறுபடியும் சிரிப்பு, மறுபடியும் பாட்டு. முகங்களின் மேல் அவளுக்குப் பைத்தியம். பார்க்கக் கிடைக்காததால் துணிகளை வைத்து முகம் செய்வாள். "இந்தப் பச்சைப் புடவை டீச்சர், கணக்கு டீச்சர். வலது கை பூரா சாக்பீஸ். தப்புப் போட்டா அழிக்கிறது முந்தானையில. இந்தச் சட்டைக்காரருக்கு வீட்ல இனிப்பு தரமாட்டாங்க. வாராவாரம் பையில சாக்லேட் காகிதம், நாலா எட்டா மடிச்சு வெச்சிருப்பார், பாவம். இவர் பஸ் கண்டக்டர், இடது தோள்ல பை வாரோட தேய்மானம்." சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு. "எனக்கு எல்லாரையும் தெரியும். யாருக்கும் என்னைத் தெரியாது. பஸ்ஸுல மட்டும் நல்லாத் தெரியும். என் பக்கத்து சீட்டு எப்பவும் காலி. ஒரு டிக்கெட்டுக்கு ரெண்டு சீட்டு! எந்த மகாராணிக்குக் கிடைக்கும் சொல்லுங்க?"

எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாது. அவள் சிரிப்பாள், நானும் கூடச் சேர்ந்துகொள்வேன்.

இனி நான் செய்த காரியம். எங்கள் கடையில் சீட்டுகள் இரண்டு டப்பாவில் இருக்கும். மஞ்சள் சீட்டு தண்ணீரில் போடும் துணிக்கு, கொதித்தாலும் கிழியாது. வெள்ளைச் சீட்டு டிரை வாஷுக்கு, தண்ணீர் பட்டால் கரைந்து கூழாகிவிடும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டமான கூட்டம். புதிதாக வந்த ஒரு பெண், பில் புத்தகத்தின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "என்ன புக்குங்க அது?" என்று கேட்டுவிட்டாள். காது சூடானதில் கை எந்த டப்பாவுக்குள் போனது என்று நான் பார்க்கவில்லை. அதன்பிறகு இரண்டு மணி நேரமும் கை அதே டப்பாவுக்குள்ளேயே போய்வந்தது.

சனிக்கிழமை துள்ளி பாடிக்கொண்டே, பிரித்துப் பார்க்காமல், மூட்டை மூட்டையாக மெஷினில் கொட்டினாள். மூடியைத் திறந்தபோது பாட்டு நின்றது. நூற்று நாற்பத்து மூன்று துணி. எல்லாவற்றின் மேலும் வெள்ளையாகப் பொடிப்பொடியாக ஏதோ. ஒன்றில்கூட சீட்டு இல்லை.

"கவிஞரே" என்றாள் உள்ளிருந்து, ரொம்ப மெதுவாக. "காகித மழை பெஞ்சிருக்கு."

முதலாளியம்மா தலையில் கைவைத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஓட்டல் துணி எடுக்க வேனில் சுற்றுவது அவர் வேலை. கவுண்டருக்கு வருபவர்களை அவருக்குத் தெரியாது, பில்லில் எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. என்னிடம் கேட்டார். நான் காலர்களைச் சொன்னேன். "காலரை வெச்சுக்கிட்டு நான் என்ன தம்பி பண்றது?" என்றார்.

துள்ளி மட்டும் கலங்கவில்லை. ஞாயிறு முழுக்கக் காகிதத் தூளை உதறி உதறி இஸ்திரி போட்டாள். மாலைக்குள் நாற்பத்தொரு கட்டு, ஒவ்வொன்றின் மேலும் அவள் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: சாக்பீஸ் டீச்சர். சாக்லேட் திருடர். நெட்டை வக்கீல். குட்டைப் பல் டாக்டர். முழங்கையை மேசையில் ஊன்றுகிறவர்.

முதலாளியம்மாவுக்குக் கண்ணில் உயிர் வந்தது. "இவங்கல்லாம் யாருடி? பேரு என்ன?"

"பேரு எனக்கெப்படித் தெரியும் அத்தை? ஆளைப் பாத்தா சொல்லிடுவேன். நீங்கதான் என்னை முன்னாடி விட்டதே இல்லையே."

முதலாளியம்மா கட்டுகளை ஒரு முறை எண்ணினார். பிறகு, "வேணாம். கட்டைப் பிரிச்சுக் காட்டுவோம். அவங்கவங்க துணி அவங்கவங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியாது. திங்கள் காலை ஏழு மணிக்கு அதைக் கண்டுபிடித்தோம். எங்கள் கடையில் வெள்ளி வாங்கினால் திங்கள் கொடுக்க வேண்டும், எல்லாரும் வேலைக்குப் போகும் முன்னால் வந்து குவிவார்கள். துள்ளி அடுக்கித் தந்த முதல் கட்டைப் பிரித்தேன். ஒரே வெள்ளைச் சட்டையின் வலது கையை ஒருவரும் இடது கையை இன்னொருவரும் பிடித்துக்கொண்டார்கள்.

"சார், இது என்னோடது."

"எப்படி உங்களோடதாகும்? என் வீட்டம்மா வாங்கிக் கொடுத்தது."

"எங்க வீட்டம்மாவும்தான் வாங்கிக் கொடுத்தாங்க!"

"ரெண்டு வீட்டம்மாவும் ஒரே கடைக்குப் போயிருக்காங்க, விடுங்கய்யா!" என்று பின்னாலிருந்து ஒருவர் சமாதானம் செய்தார். சட்டை 'பர்' என்றது.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "இழுக்காதீங்க! அது ரெண்டு பேருதும் இல்ல!"

கூட்டம் அப்படியே நின்றது. "உங்க ரெண்டு பேருல யாருக்காவது முழங்கையில காய்ப்பு இருக்கா? இல்லைல்ல? அது மேசையில முழங்கை ஊன்றவரோட சட்டை." கூட்டத்தின் கடைசியில் ஒரு மனிதர் தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு கையைத் தூக்கினார். கடையே சிரித்தது.

இரண்டு மூன்று பேருக்கு அப்படிக் குரலாலேயே தீர்ப்பு சொன்னாள். அதற்கு மேல் முடியவில்லை. "எனக்கு இங்கேருந்து யாரோட முகமும் தெரியல கவிஞரே!" என்று கத்தினாள். நான் முதலாளியம்மாவைப் பார்த்தேன். அவர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் தெருவரைக்கும் போயிருந்தது. அவர் பேசுவதற்குள் திரை விலகிவிட்டது.

ஊதா சுடிதார், இழுத்து முடிந்த கொண்டை, காதோரம் வியர்வை. கவுண்டருக்கு வந்து நின்று, ஒரு வரிசை முகங்களை அவள் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். பொம்மைக் கடையில் பிள்ளைகள்கூட அப்படிப் பார்ப்பதில்லை. யாரோ தொண்டையைக் கனைத்தார். எனக்குக் காது சூடாகியது.

"டீச்சர்!" என்றாள் துள்ளி, பத்து வருடத்துத் தோழியைக் கண்டவள் மாதிரி. "நீங்கதானே? முந்தானையைக் காட்டுங்க. காட்டுங்கன்னா! பாத்தீங்களா, இன்னிக்கும் சாக்பீஸ். டஸ்டர் ஒண்ணு வாங்கிக்கக் கூடாதா?"

கணக்கு டீச்சர் முந்தானையைப் பார்த்தார், துள்ளியைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "பசங்க டஸ்டரை ஒளிச்சு வெச்சிடுதுங்கம்மா."

'ம்மா' விழுந்த இடத்தைத் துள்ளி கவனித்ததை நான் கவனித்தேன். அதன்பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. "வாங்க சார், உங்க கட்டு இது. பையில இருந்த காகிதத்தைத் தனியா வெச்சிருக்கேன்." பக்கத்தில் நின்ற மனைவி, "என்ன காகிதம்?" என்றார். சாக்லேட் திருடர் துள்ளியிடம் கண்ணாலேயே கெஞ்சினார். "பஸ் டிக்கெட்டும்மா" என்றாள் துள்ளி, கண்ணிமைக்காமல். அந்த மனிதர் கும்பிடாத குறையாகக் கட்டை வாங்கிக்கொண்டு போனார். வரிசையில் நின்றவர்களே தங்கள் முறைக்காகத் துடிக்க ஆரம்பித்தார்கள். "என்னைச் சொல்லு, என்னைச் சொல்லு பாப்போம்!" ஜோசியம் பார்க்கிற இடம்போல் ஆகிவிட்டது கடை. தும்மலுக்குக் கைக்குட்டைக்குப் பதிலாகச் சட்டைக் கையைப் பயன்படுத்துகிறவர் பிடிபட்டார். மழையே வராத நாளிலும் மழையில் நனைந்ததாகச் சொல்லும் கால்பந்துக்கார மகன், அம்மா முன்னாலேயே பிடிபட்டான்.

கண்டக்டரின் முறை வந்தது. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது, கேட்கவே வேண்டியதில்லை. அவர் கட்டை வாங்கியும் நகரவில்லை.

"தினமும் என் பஸ்லதான் வர்றே. நான் உன்கிட்ட பேசினதே இல்ல."

"டிக்கெட் கேப்பீங்களே அண்ணே."

"அது பேச்சா?" என்றார். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

எல்லாம் இப்படியே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். எட்டரை மணிக்குக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா வந்தார், பத்து வருட வாடிக்கையாம். துள்ளியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு அவளைத் தாண்டி, முதலாளியம்மாவிடம் கேட்டார்: "இதெல்லாமா கடைக்கு முன்னாடி நிக்கும்?"

'இவ' என்றுகூடச் சொல்லவில்லை. 'இதெல்லாம்.'

துள்ளி நீலப் போர்வையை எடுத்து வைத்தாள். "ஓரம் பிரிஞ்சிருந்துச்சும்மா. தைச்சிருக்கேன்" என்றாள், குரல் மாறாமல். அந்த அம்மா போர்வையை விரல் நுனியால் இழுத்துக்கொண்டார். "இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன்" என்று சொல்லிப் போனார்.

முதலாளியம்மாவின் முகம் பாய்லர் மூடிபோல் சிவந்திருந்தது. மீதி ஏழெட்டுக் கட்டும் போகும்வரை கல்லாவைத் திறந்து திறந்து மூடினார். கடைசிக் கட்டு போனதும், "போதும்டி. உள்ள போ" என்றார்.

"அத்தை, நாற்பது பேரு சிரிச்சாங்க. ஒருத்தங்கதான்..."

"எனக்கு அந்த ஒருத்தங்கதான் கேக்குது. போ."

துள்ளி போனாள். திரை மூடியது. துள்ளாமல் நடக்கும் சத்தத்தை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். நான் காலியான கவுண்டரில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தேன். ஒரு கவிதையும் உள்ளே இறங்கவில்லை.

பன்னிரண்டு மணி இருக்கும். தெருவில் ஒரு கருப்புக் கோட்டு வேகவேகமாக வந்தது. கோட்டுக்குக் கீழே வெள்ளைப் பேண்ட். பேண்ட் பாதிக் காலோடு முடிந்துவிட்டது. அதற்குக் கீழே மயிர் அடர்ந்த கெண்டைக்கால், கருப்பு சாக்ஸ், பளபளக்கும் ஷூ. நெட்டை வக்கீல்.

"கோர்ட்ல எழுந்து நிக்கிறேன்" என்று வாசலிலேயே ஆரம்பித்தார். "ஜட்ஜ் மேசைக்கு மேல எட்டிக் குனிஞ்சு பாக்கிறார்! என் காலைப் பாக்கிறார்! எதிர்க்கட்சிக்காரன் வாயில பேனாவை வெச்சு அடைச்சுக்கிறான்!"

"மன்னிச்சிடுங்க சார், நான்..."

"நீ இல்ல! நீ யாரு? அந்தப் பொண்ணு எங்க? அவதானே கொடுத்தா? 'உங்க பேண்டை நான் கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன்'னு சொன்னாளே! கூப்பிடு அவளை!"

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அந்தப் பொண்ணு திரையைக் கிழிக்காத குறையாக வந்து நின்றாள்.

வக்கீல் திட்டினார். குறுக்கு விசாரணை மாதிரி விரலை நீட்டி நீட்டி, முகத்தைப் பார்த்து, எட்டு நிமிடம் திட்டினார். பொறுப்பு இருக்கிறதா என்றார். கண் எங்கே இருக்கிறது என்றார். கடை நடத்துகிறீர்களா, விளையாடுகிறீர்களா என்றார். ஒரு வார்த்தைகூட அவள் யார் என்பதைப் பற்றி இல்லை. எல்லாமே பேண்டைப் பற்றி.

துள்ளியின் முகம் விரிந்துகொண்டே போனது.

"என்னம்மா சிரிக்கிறே? நான் கோவமா இருக்கேன், தெரியுதா?"

"தெரியுது சார். சொல்லுங்க சார். இன்னும் சொல்லுங்க."

சத்தம் கேட்டு முதலாளியம்மா பின்பக்கத்திலிருந்து புயலாக வந்தார். "சார், எங்க பொண்ணை எதுக்கு இப்படி..."

"அத்தை, குறுக்க வராதீங்க!" துள்ளி கையை விரித்து அவரைத் தடுத்தாள். "என்னைத்தான் திட்டுறார். தப்பு நான்தான் பண்ணேன். நீங்க முடிங்க சார்."

வக்கீலுக்கு மிச்சம் மறந்துபோயிற்று.

அந்த நேரத்தில் தெரு மூலையில் பல் டாக்டர் தெரிந்தார். பேண்டின் கால்களை ஐந்தாறு மடிப்பு மடித்து, இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கியபடி வந்தார். கவுண்டருக்கு வந்தவர் வழக்கம்போலப் பலகையில் ஏறி நின்றார். அரை அடி வளர்ந்துவிட்டார்.

துள்ளி அவரையே பார்த்தாள். கவுண்டர் மேல் எட்டிக் கீழே பார்த்தாள். "பலகை!" என்று அலறினாள். "இங்க ஒரு பலகை இருக்கா? மூணு வருஷமா இருக்கா? கவிஞரே, ஏன் சொல்லல? காலையில இவர் இதுல நின்னாரு, நான் இவரைத்தான் நெட்டைன்னு நெனச்சேன்! வக்கீல் சார் கீழ நின்னாரு, இவரைவிடக் குட்டையா தெரிஞ்சாரு!"

பல் டாக்டர் கீழே இறங்கிக் காட்டினார். மறுபடி ஏறிக் காட்டினார். வக்கீல் தன் கெண்டைக்காலைப் பார்த்தார், டாக்டரின் மடிப்புகளைப் பார்த்தார். அவர் மீசைதான் முதலில் ஆடியது. பிறகு மூன்று பேரும் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் என் பேனா உருண்டு கீழே விழுந்தது.

உள்ளே போய் ஆளுக்கொரு மூலையில் மாற்றிக்கொண்டு வந்தார்கள். போகும்போது வக்கீல் மறுபடி விறைப்பானார். "வெள்ளிக்கிழமை ரெண்டு கோட்டு கொண்டுவருவேன். இந்தப் பொண்ணு கையிலதான் கொடுப்பேன். இன்னொரு தப்பு பண்ணட்டும், அப்புறம் பேசிக்கிறேன். இவ இல்லைன்னா வேற கடைக்குப் போறேன்." முதலாளியம்மாவிடம் சொன்னார்: "கேட்டீங்களாம்மா?"

முதலாளியம்மாவுக்குக் கேட்டது. வெகுநேரம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலையில் ஒருத்தங்க வரமாட்டேன் என்றது இன்னும் காதில் இருந்திருக்கும். இப்போது அதற்குப் பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்திருந்தது.

"எவ்வளவு திட்டுறார்" என்றார் கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நீ பல்லைக் காட்டிட்டு நிக்கிறே. வெக்கமா இல்லையாடி?"

"இல்ல அத்தை."

அவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, உனக்குப் பாய்லர் போடத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. "தெரியும்" என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் பொய் சொன்னதில்லை. பேனாவையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் ஓடிவிட்டேன்.

துள்ளி முதல் வேலையாகக் கவுண்டரைச் சுற்றி வெளியே போனாள். பலகையில் ஏறி நின்று, இறங்கி, மறுபடி ஏறி, கடையை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாளாம்.

இப்போது எனக்கு இங்கே சுவர் தெரியும் ஜன்னல், கொதிக்கும் தண்ணீர், பேசாத துணிகள். திரைக்கு அந்தப் பக்கம் வரிசையாகக் குரல்கள். மஞ்சள் டப்பாவை மட்டும் தினமும் மூன்று முறை போய்ப் பார்த்துக்கொள்கிறேன். கண்ணாடி அம்மாவின் குரல் இன்னும் வரவில்லை. நேற்று புதிதாக ஒரு ஜோடிச் செருப்பு வந்து பலகையில் ஏறும் சத்தம் கேட்டது. "என்னம்மா இது, மேல் பட்டனைக் காணோமே?" என்றது ஒரு குரல், சலித்துக்கொண்டு.

"எங்க பாப்போம்" என்றாள் துள்ளி, அவளும் சலித்துக்கொண்டு. "வரும்போதே இல்லீங்க அது. நீங்க வீட்ல போய்த் தேடுங்க."